சேலம் – எட்மண்டன், நேர்க்கோட்டில்

பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் சேர்வதற்குள்
மாதையன் தன் செல்போனில் போட்டுப் பார்த்தான்.
பன்னிரண்டாயிரத்து அறுநூற்று எண்பது கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் பதினைந்து மணி ஐம்பது நிமிடம்.
"அவ்வளவுதானாண்ணே? ராத்திரி ஏறினா
மறுநாள் மத்தியானச் சோறு செலின் அக்கா கையால."

வரைபடத்தில் சிவப்பாக ஒரு கோடு.
கிழக்குமில்லை மேற்குமில்லை, வடக்கே போகிறது.
அஸ்தம்பட்டியைத் தாண்டி
சேர்வராயன் மலையின் தோளை உரசிக்கொண்டு
துருவத்துப் பனிமேல் ஏறி
அந்தப் பக்கம் இறங்குகிறது.
அந்தக் கோட்டில் எந்த விமானமும் போவதில்லை.
கமலாபுரத்துக்கு வரும் சின்ன விமானம்கூட
மலையைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறது.

நேர்க்கோட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
காக்கைக்கு ஏற்காடு பதினைந்து கிலோமீட்டர்.
எனக்கு முப்பத்திரண்டு.
இருபது கொண்டை ஊசி,
எதிரே சுற்றுலா வேன் வந்தால் ஒரு ரிவர்ஸ்,
எட்டாவது வளைவில்
குரங்குக்குப் பொரி போட நிறுத்திய கார்.

அந்தப் பதினைந்து மணி ஐம்பது நிமிடத்தில் சேராதவை
செலின் சொல்லித் தெரியும்:
தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்து கிடந்த லாரிக்கு ஒன்றரை மணி,
ஓசூர் தாண்டி நகராமல் நின்ற முக்கால் மணி,
தேவனஹள்ளியில் பெட்டியைத் திறந்து
ஊறுகாய் ஜாடியை எடுத்து வெளியே வைத்துவிட்டு
மறுபடி மூடிய பத்து நிமிடம்,
ஃபிராங்க்ஃபர்ட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு
உட்கார்ந்தே இருந்த ஏழு மணி.
அதற்கும் முன்னால் பரீட்சை, மறுபடி அதே பரீட்சை,
வட்டிக்கு வாங்கிய மூன்றரை லட்சம்.

எனக்கு விசா மறுத்துவிட்டார்கள்.
திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் போதாதாம்.
ட்ரிப் ஷீட்டைக் கட்டாக இணைத்திருக்கலாம்.
ஏறிய ஒவ்வொரு தடவையும்
இறங்கித்தான் இருக்கிறேன்.

நாளைக்கு மூன்று ஏற்றம், மூன்று இறக்கம்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.
அறுபத்தாறு நாள் வண்டி எடுத்தால் எட்மண்டன்.
அவள் போனபின் நானூறு நாள் எடுத்திருக்கிறேன்.
மூன்று முறை போய், மூன்று முறை வந்து,
நாலாவது முறைக்குக் கிளம்பி
இப்போது ஹைதராபாத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ.
டீசல் அரசாங்கத்துடையது.

சாயங்காலம் ஆறரைக்கு அடிவாரம் செக்போஸ்ட்.
அங்கே விடிகாலை ஆறு, மைனஸ் இருபத்தொன்று.
முதல் ஷிப்டுக்கு பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவள்
அந்நேரம் கூப்பிடுவாள்.
ஓட்டும்போது நான் போனைத் தொடமாட்டேன் என்று தெரியும்.
தெரிந்தும் கூப்பிடுவாள்.
மாதையன் எடுப்பான்:
"மலையில இருக்கோம்க்கா, இருபது முடியட்டும்."
வைக்கமாட்டாள்.
அவனும் கட் பண்ணாமல் டிக்கெட் பைக்கு மேலே வைத்துவிட்டுச்
சில்லறை எண்ணப் போய்விடுவான்.
வளைவுக்கு இரண்டு ஹாரன்.
அங்கே அவள் ஏறும் பஸ்
வளைவே இல்லாத ரோட்டில் வருமாம்.
டிரைவர் ஹாரன் அடித்து அவள் கேட்டதே இல்லையாம்.

நேற்று பனி.
பதினாலாவது வளைவிலிருந்து
ஹெட்லைட் வெளிச்சம் பானெட்டோடு நின்றுவிட்டது.
ஜன்னலில் தலையை நீட்டி
ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பிடித்தே ஏறினேன்.
பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது.
யாரோ எலுமிச்சம்பழம் கேட்டார்கள்.
ஏரிக்கரையில் நிறுத்தி, எல்லாரும் இறங்கி,
சில்வர் ஓக் மரம் சொட்டுச் சொட்டாய்க் கூரையில் விழ,
கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.
"பத்தொன்பதுதான் வந்துச்சு" என்றாள்.
"எந்த வளைவுல அடிக்கல?"